ஒற்றியூர் இலக்கண மண்டபமும் எசுப்பானிய வினைப்பகுதித் திரிபும்

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் பாணினியின் இலக்கணத்தை விரித்துரைப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருந்தமையைச் சோழர் காலக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. 'வியாகரண தான வியாக்கியான மண்டபம்' என்பது அதன் பெயர். இன்று கன்டெய்னர் லாரிகள் நெருக்கும் அவ்வூரில் இலக்கணப் பயிற்சிக்காக நிலம் விடப்பட்டிருந்தது. அங்குப் பயிலப்பட்ட நூலின் விதியொன்று, எசுப்பானியம் கற்கும் தமிழர் இடறும் ஓரிடத்தைத் தெளிவாக்குகிறது.

எசுப்பானியத்தில் விருப்பம், ஐயம், வேண்டுகோள் ஆகியவற்றைச் சார்ந்து வரும் வினை தனி வடிவம் கொள்ளும். அதனை வியங்கோள் எனச் சுட்டுவது எளிது, ஆனால் போதாது. வியங்கோள் தானே வாக்கியத்தை முடிக்கும்; எசுப்பானிய வடிவமோ பெரும்பாலும் வேறொரு வினையைச் சார்ந்து நிற்கும். மேலும், வா 'வருக' எனவும் நில் 'நிற்க' எனவும் திரிவது விகுதியை ஒட்டியது. அவன் வருக, நீ வருக, யாம் வருக என இடம் மாறினும் பகுதியின் வடிவம் மாறாது. எசுப்பானியத்தில் அவ்வாறன்று. 'பெர்தேர்' (இழ) என்னும் வினை படர்க்கை ஒருமையில் 'பியெர்தா' என்றும், தன்மைப் பன்மையில் 'பெர்தாமோஸ்' என்றும் வரும். வியங்கோளை அளவுகோலாகக் கொண்டவர் 'பியெர்தாமோஸ்' எனப் பிழைபடச் சொல்வது இயல்பே.

வேறுபாட்டிற்குக் காரணம் ஒலியழுத்தம். இலத்தீனின் குறில் எகர ஒகரங்கள் அழுத்தம் பெற்ற இடத்தில் 'இயெ', 'உவெ' எனப் பிளந்தன. அழுத்தம் விகுதிக்கு நகர்ந்த இடத்தில் பிளவுறவில்லை. 'இர்' ஈற்று வினைகளில் மற்றொரு திரிபும் உண்டு. 'தோர்மிர்' (உறங்கு) 'துவெர்மா' என்றாகும். தன்மைப் பன்மையிலோ 'துர்மாமோஸ்'. இலத்தீன் விகுதியில் இருந்த இகரம் முன்னின்ற உயிரை உயர்த்தியதன் எச்சம் இந்த உகரம். 'பெதிர்' (வேண்டு) எல்லா இடத்தும் 'பித்' என்றே நிற்கும்.

வடமொழியின் 'அஸ்' (இரு) என்னும் வினை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. வேதமொழிக்கே உரிய 'லேட்' வடிவில் 'அஸத்' எனப் பகுதி முழுமையாக நிற்கும். 'லிங்' வடிவில் 'ஸ்யாத்' எனக் குறுகும். முன்னதில் உதாத்தம் பகுதியின்மீது, பின்னதில் விகுதியின்மீது. லிங் வடிவில் வரும் 'யாஸ்' என்னும் உறுப்புக்கு உதாத்தத்தையும், பகுதியைக் குறுகச் செய்யும் ஙகரக் குறியையும் பாணினி ஒரே சூத்திரத்தில் விதிக்கிறார். உதாத்தம் இசையேற்றம், எசுப்பானிய அழுத்தம் வன்மையைச் சார்ந்தது. எனினும் பகுதியின் வடிவை ஒலியின் இருப்பிடத்தோடு பிணைக்கும் முறை இரண்டிற்கும் பொது. எனவே, தமிழ் மாணவர் வினையட்டவணையை மனனம் செய்யுமுன் ஒவ்வொரு வடிவிலும் அழுத்தம் விழும் அசையைக் குறித்துக்கொள்வாராயின், 'பெர்தாமோஸ்', 'பெர்தாயிஸ்' ஆகிய இரண்டு மட்டும் பிளவுறாமல் நிற்பதன் காரணம் புலப்படும்.