சூரைச் செடியின் கீழ் ஓர் அப்பம்



நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறுகையில், களைத்து அமர்ந்தவரை எவரும் கடிந்துகொள்வதில்லை. தேநீர் கொடுத்து இளைப்பாறச் செய்வோம். சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று, லயன் வீட்டின் மூலையில் சுருண்டு கிடக்கும் பிள்ளைக்கு நாம் கொடுப்பது என்ன? "உனக்காகத்தானே மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்தேன்!" தாயின் வேதனை மெய்யே. எனினும் அச்சொல்லைச் சுமக்க அந்நேரம் பிள்ளைக்கு வலுவில்லை.

இறைவாக்கினர் எலியாவும் ஒருநாள் சூரைச் செடியின் கீழ் அமர்ந்து, சாக வேண்டுமென மன்றாடினார் (1 அரசர் 19). வானதூதர், "உன் விசுவாசம் எங்கே?" என வினவவில்லை. தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்தார். மீண்டும் உறங்கவும் விட்டார். இருமுறை உண்ட பின்னரே எலியா ஓரேபு மலைக்கு நடந்தார்.

வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் இழந்து, "நான் இருந்தென்ன?" என்று பேசும் பிள்ளையைச் செபக்கூட்டத்துக்கு மட்டும் அழைத்துச் சென்று நிறுத்திவிடாதீர்கள். குருவாகிய நானே இதைச் சொல்கிறேன். அது நோயாக இருக்கலாம். மருத்துவரும் இறைவன் தந்த உதவியே. சாகும் எண்ணம் உண்டா என்று பிள்ளையிடம் நேரடியாக, கனிவுடன் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம். தற்கொலை முயற்சி 1998 முதல் இந்நாட்டில் குற்றமன்று. பொலிஸுக்கு அஞ்சி எதையும் மறைக்க வேண்டியதில்லை.

பெறுபேற்றைப் பற்றி நாளை மறுநாள் பேசலாம். இன்றிரவு, சூடாக ஏதாவது சமைத்து, அருகில் அமருங்கள்.