வயற்காவலும் மின்சாரமும்

மின்சாரத்தை உற்பத்தி செய்து விற்பதோடு ஒரு மின்சார நிறுவனத்தின் கடமை முடிந்துவிடுகின்றதா? தான் கம்பி இழுத்த நாட்டில் வாழும் மக்களுக்கும், அக்கம்பியின் கீழ் நடமாடும் விலங்குகளுக்கும் அதனால் நேரக்கூடிய தீங்கை எடுத்துச் சொல்லித் தடுப்பதும் அதன் கடமையே என்பது இன்று பல நாடுகளில் ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கையாகும். கல்முனைக் கரையோரத்து வயல்நிலங்களிலே இது வெறும் கொள்கையன்று. மனித உயிரையும் யானையின் உயிரையும் பற்றிய பிரச்சினை.

பெரியநீலாவணை தொடக்கம் அக்கரைப்பற்று வரையில் ஊரோடு ஊர் ஒட்டிக் கடலோரமாகக் கிடக்கின்றது. மருதமுனை நெசவுக்குப் பெயர்பெற்றது. சாய்ந்தமருதும் ஒலுவிலும் மீன்பிடிக்குப் பேர்போனவை. எனினும் இவ்வூர்கள் அனைத்திற்கும் உணவளிப்பது மேற்கே விரிந்து கிடக்கும் வயல்களேயாம். சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை ஆகிய ஊர்களின் கண்டங்களைக் கடந்து சென்றால் காடு தொடங்கும். அக்காட்டிலிருந்து யானைகள் இறங்குகின்றன. வேளாண்மை குடலைப் பருவத்தை அடைந்த நாள் முதல் சூடு மிதித்து நெல் வீட்டுக்கு வந்து சேரும் நாள் வரையில், பரணிலே கண் விழித்திருக்கும் காவற்காரனுக்கு உறக்கமில்லை.

இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சற்று நோக்குதல் வேண்டும். தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கும் கல் ஓயாவை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் வேலை 1949ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அணையின் பின்னே தேங்கிய பெருங்குளத்துக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்று பெயரிட்டனர். அணையடியில் நீர்மின் நிலையம் ஒன்றும் அமைந்தது. காடாய்க் கிடந்த நிலம் பல்லாயிரம் ஏக்கர் வயலாகவும் கரும்புத் தோட்டமாகவும் மாறிற்று. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காட்டை 1954இல் தேசிய வனமாகப் பிரகடனம் செய்தனர். ஆயினும் யானை எல்லைக்கல்லை மதித்து நடக்கும் பிராணியன்று. அதன் பழைய வழித்தடங்களிலே இப்பொழுது கதிர் முற்றி நிற்கின்றது. ஆக, இப்பிரதேசத்துக்கு நீரையும் நெல்லையும் மின்சாரத்தையும் ஒருங்கே தந்த அதே திட்டம், யானையோடு ஒரு தீராத வழக்கையும் தந்துவிட்டது எனலாம்.

அவ்வழக்கு எத்துணைக் கடுமையானது என்பதற்கு நாடு முழுவதற்குமான கணக்கே சான்று. 2011ஆம் ஆண்டில் எடுத்த கணக்கெடுப்பின்படி இலங்கையிலிருந்த காட்டு யானைகள் 5,879. 2023ஆம் ஆண்டில் மட்டும் 470க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. அவ்வாண்டில் யானைகளால் உயிரிழந்த மனிதரும் 160 பேருக்கு மேலாவர். துப்பாக்கிச் சூடும், காய்கறிக்குள் மறைத்து வைக்கும் வெடியும் யானைகளைக் கொல்லும் காரணங்களுள் முன்னிற்பவை. அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது மின்சாரம்.

மின்சாரம் என்றவுடன் மின்வேலியே பலரது நினைவுக்கு வரும். ஆனால் மின்வேலி என்ற ஒரே பெயரால் முற்றிலும் மாறுபட்ட இரண்டு பொருள்களைக் குறிக்கின்றனர். இம்மயக்கமே பல மரணங்களுக்கு வித்தாகின்றது. ஒன்று விலங்கை விரட்டும் வேலி. மற்றது அதனைக் கொல்லும் கண்ணி.

வனசீவராசிகள் திணைக்களமும் கமக்காரர் அமைப்புகளும் போடும் முறையான வேலியில் ஒரு சிறு பெட்டி உண்டு. பெரும்பாலும் சூரிய ஒளியால் மின்னேற்றப்படும் 12 வோற்று மின்கலமே அதனை இயக்குகின்றது. அப்பெட்டி ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பை மட்டும் கம்பியிலே செலுத்தும். அத்துடிப்பின் அழுத்தம் 5,000 வோற்றுக்கும் மேற்பட்டதாயிருக்கும், கேட்பவர் திடுக்கிடுவர். ஆனால் அது நீடிக்கும் காலமோ ஒரு நொடியின் நூற்றிலொரு பங்குகூட இல்லை. அதற்குள் உடலிற் பாயும் சக்தி மிகச் சொற்பம். தொட்ட யானைக்குச் சுரீரென்று வலிக்கும், அது பின்வாங்கும். அடுத்த துடிப்பு வருமுன் அது விலகுவதற்கு வேண்டிய அவகாசமும் உண்டு.

சட்டவிரோதக் கண்ணியின் இயல்பு வேறு. வீதியோரக் கம்பத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ ஒரு வயரை இழுத்து, வரம்பைச் சுற்றிக் கட்டிய வெறுங்கம்பியில் நேரே கொளுவிவிடுகின்றனர். அதிலே உள்ளது 230 வோற்றுத்தான். ஐயாயிரம் வோற்றுக் கொல்லாதபொழுது இருநூற்று முப்பது எவ்வாறு கொல்லும் எனப் பலர் வினவுவர். கொல்வது அழுத்தம் மட்டுமன்று. உடலினூடாக எவ்வளவு மின்னோட்டம் எவ்வளவு நேரம் பாய்கின்றது என்பதே முக்கியம். ஓர் அம்பியரை ஆயிரம் கூறாக்கினால், அவற்றுள் பத்து முதல் இருபது கூறு பாய்ந்த அளவிலேயே கைத்தசைகள் இறுகிவிடும். பிடித்த கம்பியை விடமுடியாது. ஐம்பது முதல் நூறு கூறு நெஞ்சினூடாகச் சென்றால் இதயம் ஒழுங்கிழந்து நடுங்கி நின்றுவிடக்கூடும். ஈரத்தோடு சேற்றில் வெறுங்காலோடு நிற்பவனின் உடலினூடாக 230 வோற்றுச் செலுத்தும் மின்னோட்டம் இருநூறு கூறுக்கும் அதிகமாகலாம். அதுவும் துடிப்புத் துடிப்பாக அன்று, இடைவிடாமற் பாய்ந்துகொண்டேயிருக்கும்.

வீட்டிலே மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் ஆளி, அதாவது மக்கள் ட்ரிப் சுவிச் என வழங்குவது, உயிரைக் காக்கும். ஆனால் கம்பத்திலிருந்து களவாய் இழுத்த கம்பிக்கு அந்தக் காவலும் இல்லை. சேற்றிலே விழுந்தவன் விழுந்த இடத்திலேயே கிடப்பான். கம்பியிலே மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும்.

விழுபவர் யார்? பன்றிக்கும் யானைக்கும் விரித்த கண்ணி ஆளைப் பார்த்துப் பிடிப்பதில்லை. விடியற்காலையில் தண்ணீர் கட்டச் செல்லும் அயல்வயற்காரன், மாட்டைத் தேடிச் செல்லும் சிறுவன், கணவனுக்குச் சோறு கொண்டுபோகும் பெண், சிலவேளைகளில் கம்பியைக் கட்டியவனே, இவர்களுள் எவரும் அதற்கு இரையாகலாம். இலங்கையில் நேரும் மின்சார மரணங்களுள் இவ்விதச் சட்டவிரோத இணைப்புகளால் நேர்பவை கணிசமானவை என்பதைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பலமுறை எடுத்துக்காட்டி எச்சரித்துள்ளது. மின்சாரத்தைக் களவாய்ப் பெறுதல் ஒரு குற்றம்; யானையைக் கொல்லுதல் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின்படி பிறிதொரு குற்றம். அயலவன் இறந்துபட்டாலோ, அப்பழியைச் சுமந்து வாழ்வது எந்தத் தண்டனையினும் கொடியது.

குற்றம் கமக்காரன்மேல் மட்டுமே உள்ளது என்று கூறிவிடுதலும் நீதியன்று. தமிழ்நாட்டிலே தருமபுரி மாவட்டத்தில் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழ்ந்தவற்றை நோக்குக. மாரண்டஹள்ளிக்கு அண்மையில் ஒரு விவசாய நிலத்தின் சட்டவிரோத மின்வேலியில் அகப்பட்டு மூன்று பெண் யானைகள் மாண்டன. அவற்றோடு வந்த இரண்டு குட்டிகள் உயிர் தப்பின. சில நாட்களுக்குள், அதே மாவட்டத்துக் கம்பைநல்லூர்ப் பகுதியில், மேட்டு நிலத்தில் ஏறிய வேறொரு யானை தலைக்கு மேலே சென்ற மின்கம்பியிற் பட்டு மாண்டது. முன்னது தனிமனிதன் செய்த பிழை. பின்னதோ, கம்பி எந்த உயரத்திற் செல்லவேண்டும் என்பதைப் பற்றியது. அதற்கு விடை கூறவேண்டியவர் கம்பி இழுத்தவரே.

ஆதலின் மின்சார நிறுவனம் பிறருக்குப் போதிக்குமுன் தன் வீட்டைச் செப்பனிடுதல் வேண்டும். 1969ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி தாபிக்கப்பட்ட இலங்கை மின்சார சபை நாடெங்கும் கம்பிகளைக் கொண்டு சென்றது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் அதன் பணிகளைப் பல கம்பனிகளிடம் பிரித்தளிக்க வழிசெய்தது. பெயர் எதுவாயினும் பொறுப்பு ஒன்றே. 33,000 வோற்றுக் கம்பிகள் வயலையும் யானை வழியையும் கடக்குமிடங்களில் தாழ்ந்து தொங்காதிருத்தல் வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று மின்காவலிகளிற் படிந்து கசிவை உண்டாக்குவதால் அவற்றை அடிக்கடி கழுவியும் மாற்றியும் வருதல் வேண்டும். மின்மாற்றி நிலையங்களில் குரங்கும் பாம்பும் புகாதபடி தடுத்தல் வேண்டும். விலங்கைக் காப்பது மின்சாரத்தையும் காப்பதேயாகும். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனபொழுது, பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் தெரிவித்தது பலருக்கு நினைவிருக்கும்.

யானையை ஊருக்கு அழைப்பதில் ஊராருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிலே, சுற்றுவட்டாரத்துக் குப்பை கொட்டப்படும் திறந்த வெளியில் யானைகள் கூட்டமாக வந்து மேய்வதைப் பலரும் கண்டிருக்கின்றனர். முந்திய எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே பிளாத்திக்குக் கழிவை உண்டு மாண்டன என்று 2022ஆம் ஆண்டு ஜனவரியில் செய்திகள் வெளியாயின. உணவு மணத்தோடு வீசப்பட்ட பையையும் சேர்த்தே யானை விழுங்குகின்றது. குப்பைக்கு வரப் பழகிய யானை அயலிலுள்ள வயலுக்கும் வீட்டுக்கும் வரத் தயங்குவதில்லை. பின்னர் அதனைத் தடுக்க ஒருவன் கம்பி கட்டுகின்றான். இவ்வாறு சந்தையிலே எறிந்த ஒரு பை வயலிலே ஓர் உயிரைப் பலிகொள்ளும் சங்கிலி உண்டாகின்றது.

அங்ஙனமாயின் வயலைக் காக்கும் வழி யாது? அறுவடை வரையில் வயற்கண்டத்தைச் சூழ்ந்து நிறுத்தி, அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கும் வேலி இலங்கையின் சில பகுதிகளிற் பயன் தந்துள்ளது. பிரிதிவிராஜ் பெர்னாண்டோ என்னும் யானை ஆய்வாளரின் தலைமையில் அமைந்த குழு 2020ஆம் ஆண்டிற் சமர்ப்பித்த தேசியச் செயற்றிட்டமும் கிராமத்தையும் வயலையும் சூழ்ந்த இத்தகைய வேலிகளையே வற்புறுத்துகின்றது. வேலி போட்டாற் போதாது. அதனைப் பேணுதல் வேண்டும். கம்பியிலே கொடி படர்ந்தால் துடிப்பு மண்ணுக்குள் இறங்கிவிடும். தந்தத்திலே மின்சாரம் எளிதிற் பாயாது என்பதையும், கட்டையைக் காலால் உதைத்துச் சாய்க்கலாம் என்பதையும் யானை விரைவிற் கற்றுக்கொள்கின்றது. தினந்தோறும் ஒருவர் முறைவைத்து வேலியோரமாக நடந்து பார்த்தால் ஒழிய அது நிலைக்காது. அரசாங்கம் போட்ட வேலி என்று வாளாவிருந்த இடங்களில் அது வீழ்ந்தது. எமது வேலி என்று கொண்ட இடங்களில் நின்றது.

இங்கேதான் மின்சார நிறுவனத்தின் போதனைக்கு இடமுண்டு. கொழும்பிலே அச்சிட்ட துண்டுப் பிரசுரம் அம்பாறை வயற்காரனை எட்டுவது அரிது. இக்கரையோரத்தில் வயற்செய்தி பரவும் வழிகள் பழமையானவை. விதைப்புக்கு முன் வட்டவிதானையார் கூட்டும் கூட்டத்திலே, இரண்டு கம்பிகளுக்குமுள்ள வேறுபாட்டை ஒரு மின்பணியாளர் கருவியோடு வந்து காட்டினால் கமக்காரன் நம்புவான். ஜும்ஆ நாளில் பள்ளிவாசலில் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் முழுவதும் கேட்கும். பாடசாலைப் பிள்ளை கற்றதை அன்றிரவே வீட்டில் உரைக்கும்.

உரைக்கவேண்டியவையும் பலவல்ல. அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாது, ஒருவரையும் அணுகவிடாது, மின்சாரப் பணிமனைக்கு அறிவிக்க வேண்டும். அதன் அருகே நிற்க நேர்ந்தவர், காலடிக்குக் காலடி நிலத்தின் அழுத்தம் வேறுபடுமாதலால் ஓடாது, பாதங்களை உயர்த்தாமற் சிறு சிறு அடியாக நகர்ந்து அகலுதல் வேண்டும். மின்சாரம் பிடித்தவனைக் கையாற் பற்றி இழுத்தல் ஆகாது. முதலில் மின்சாரத்தைத் துண்டித்தல் வேண்டும். மின்கம்பியின் அருகே பட்டம் விடுதலும், நீண்ட தோட்டியாற் காய் பறித்தலும் கூடாது. வயல்வெளியிலே கம்பத்திலிருந்து இறங்கும் களவுக் கம்பியைக் கண்டால், அது அயலவனது ஆயினும், மௌனமாயிருத்தல் அவனுக்குச் செய்யும் உதவியன்று.

காவல் என்பது பயிரைக் காப்பது, உயிரை வாங்குவதன்று. இரவிலே வயலுக்குச் சென்றவர் விடியலில் வீடு திரும்பவேண்டும். வயலுக்கு வந்த யானையும் காட்டுக்குத் திரும்பவேண்டும். இவ்விரண்டும் நிறைவேறுமாயின், இங்கினியாகலையில் நீரை மறித்து ஒளி தந்த முயற்சி இக்கரையோரத்துக்கு முழுப்பயன் அளித்ததாகும்.