கடலின் எதிரொலியும் அந்தியூரின் மழையும்

அந்தியூர் வட்டாரத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே பெய்யும் மழையில் பெரும்பங்கு வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகளைப் பொறுத்தது. பர்கூர் மலையில் மழை பெய்தால்தான் வரட்டுப்பள்ளம் அணைக்குத் தண்ணீர். அதே தாழ்வு வலுத்துப் பலத்த காற்றோடு வந்தால், குலை தள்ளிய வாழை சாயும். ஆகவே நடுக்கடலில் காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்பது இங்குள்ள விவசாயிக்கும் வேண்டிய தகவல். அதை இன்று பெருமளவு தருவது, கடல்பரப்பில் பட்டுச் சிதறித் திரும்பும் ரேடியோ அலைகள். கடலை ஓயாமல் அளக்கும் இந்த ஆராய்ச்சி கரையோர மக்களுக்கு மட்டுமானதல்ல; உள்நாட்டு வேளாண்மையும் அதன்மீது நிற்கிறது.

இந்தச் சிதறலை ஒரு காலத்தில் தொல்லையாகத்தான் பார்த்தார்கள். கப்பலைத் தேடும் ரேடாரில் அலைகளின் எதிரொலியும் கலந்து வந்து திரையைக் குழப்பியது. அந்தக் குழப்பத்துக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதை நியூசிலாந்து அறிவியலாளர் டக்ளஸ் குரோம்பி 1955-ல் 'நேச்சர்' இதழில் காட்டினார். அவர் அனுப்பிய 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 22 மீட்டர். கடலில் எத்தனையோ அளவு அலைகள் இருந்தும், அந்த நீளத்தில் பாதியான 11 மீட்டர் இடைவெளி கொண்ட அலைகளே வலுவாகப் பதில் தந்தன. காரணம் எளிது. அடுத்த முகட்டைத் தொட்டு வரும் கதிர், போகும்போது பாதி, வரும்போது பாதி என ஒரு முழு அலைநீளம் கூடுதலாகப் பயணம் செய்கிறது. அதனால் எல்லா முகடுகளின் எதிரொலிகளும் ஏற்ற இறக்கம் ஒத்துச் சேர்ந்து வலுக்கின்றன. ஆழ்கடலில் 11 மீட்டர் நீள அலையின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் என்று இயற்பியல் சொல்கிறது. அந்த வேகத்துக்குரிய டாப்ளர் மாற்றத்தையே, அதாவது நகரும் அலையில் பட்டுத் திரும்புவதால் ஏற்படும் அதிர்வெண் மாற்றத்தையே, குரோம்பி கண்டார். அளந்த வேகம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால், அந்த வித்தியாசமே நீரோட்டத்தின் வேகம். 1970-களில் அமெரிக்காவின் டொனால்ட் பாரிக் இந்தச் சிதறலுக்கு முறையான கணிதம் வகுத்தார்.

தமிழகத்தில் கடலூரிலும் கல்பாக்கத்திலும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நிறுவிய கடலோர ரேடார்கள் இதே முறையில் நீரோட்டத்தை அளக்கின்றன. காற்றை அளக்க இன்னும் சிறிய அலை தேவை. 2009 செப்டம்பரில் ஏவப்பட்ட இந்தியாவின் ஓசன்சாட்-2 செயற்கைக்கோளின் சிதறல்மானி சுமார் 2.2 சென்டிமீட்டர் ரேடியோ அலையைச் சாய்வாக அனுப்பியது. அந்தச் சாய்வினால், அதற்குப் பதில் சொன்னவை பாதியைவிடச் சற்றுப் பெரிய, ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் அளவுச் சிற்றலைகள். காற்று கூடினால் இவை பெருகும், எதிரொலியும் வலுக்கும். ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்த்தால் காற்றின் திசையும் தெரியும்.

மேகப் படம் போதாதா, கடலில் மிதவைகள் இல்லையா என்று கேட்கலாம். மேகப் படம் புயலின் வடிவத்தைக் காட்டும். மேகத்துக்கு அடியில் நீர்ப்பரப்பில் வீசும் காற்றை அது நேரடியாக அளக்காது. மிதவை துல்லியமாக அளக்கும், ஆனால் தான் நிற்கும் இடத்தில் மட்டும். சிதறல்மானியின் கணக்கைச் சரிபார்க்க மிதவை வேண்டும். பரந்த கடலை அளக்கச் சிதறல்மானி வேண்டும். கனமழையிலும் கடும்புயலிலும் இந்த அளவீடு பிசகும் என்ற குறை உண்மைதான். மழைத்துளிகளும் அலையைச் சிதறடிக்கின்றன; மிக வேகமான காற்றில் எதிரொலி அதே வீதத்தில் கூடுவதில்லை. ஆனால் இந்தப் பிழையைத் திருத்த வேண்டுமானால் சிதறலை இன்னும் ஆழமாகப் படித்தாக வேண்டும். குறை இருப்பதே ஆராய்ச்சியைத் தொடர்வதற்கான காரணம்.

வெளிநாட்டுத் தரவு கிடைக்கிறதே, நமக்கேன் செலவு என்பாரும் உண்டு. இத்தகைய செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் ஓரிடத்தைப் பெரும்பாலும் நாளுக்கு ஓரிரு முறைதான் பார்க்கும். புயலோ சில மணி நேரத்தில் மாறிவிடும். எனவே ஒவ்வொரு கூடுதல் கருவியும் பார்வையின் இடைவெளியைக் குறைக்கிறது. ஓசன்சாட்-2-இன் சிதறல்மானி 2014 பிப்ரவரியில் நின்றது; அடுத்த சிதறல்மானியோடு ஸ்கேட்சாட்-1 ஏறியது 2016 செப்டம்பரில். இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகள் நம்முடைய சிதறல்மானி ஒன்றுகூட வானில் இயங்கவில்லை. 2022 நவம்பரில் ஓசன்சாட்-3 சென்றது. இனி ஒரு கருவி ஓயும் முன்பே அடுத்தது தயாராக இருக்க வேண்டும். எதிரொலியைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கும் தடையில்லா ஆதரவு வேண்டும். அதைக் கேட்கும் உரிமை மீனவருக்கு எவ்வளவு உண்டோ, அந்தியூரின் வாழை விவசாயிக்கும் அவ்வளவு உண்டு.