லெட்: விடுவதா, தடுப்பதா?

இந்திய பாஸ்போர்ட்டைத் திறந்தால் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சாகியிருக்கும். நம்மில் பலர் அதைப் படித்தே இருக்க மாட்டோம். இதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' தாராளமாகப் போக அனுமதியுங்கள் என்கிறது அது. லெட் என்றால் அனுமதிப்பது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? அப்படின்னா, 'அனுமதி இல்லாமல் போக அனுமதியுங்கள்' என்றா எழுதி வைத்திருக்கிறார்கள்?

இல்லை. அது வேறு லெட்.

பழைய ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலித்த இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்றின் பொருள் விடு. மற்றதின் பொருள் தடு. இந்த இரண்டாவது, 'லேட்' என்ற சொல்லுக்கு உறவு. ஒருவரைத் தாமதப்படுத்துவதும் தடுப்பதுதானே! காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து, இரண்டும் லெட் என்ற ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன.

இதனால் அர்த்தமே தலைகீழாகும் ஆபத்து உண்டு. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், ரோமர் 1:13-ஐப் பாருங்கள். ரோமுக்கு வரப் பலமுறை நினைத்தும் தடைபட்டுப்போனதாகப் பவுல் சொல்கிறார். அங்கே தடைக்கு இருக்கும் ஆங்கிலச் சொல், லெட்! இன்றைய பொருளில் படித்தால் 'அனுமதிக்கப்பட்டேன்' என்றாகிவிடும். பின்னால் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புகள் அந்தச் சொல்லை மாற்றிவிட்டன. தமிழ் பைபிளில் இந்தக் குழப்பமே கிடையாது. தடை என்றே இருக்கிறது.

நேர்எதிரான இரண்டு பொருளை ஒரே சொல் சுமப்பது குழப்பம்தான். பேச்சு வழக்கில் 'தடு' தோற்றது. சட்டத் தொடர்களிலும் டென்னிஸ் போன்ற விளையாட்டுகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சர்வீஸ் பந்து வலையில் உரசி, சரியான கட்டத்தில் விழுந்தால் நடுவர் 'லெட்' என்பார். பந்து தடைபட்டது, மறுபடி போடு என்று அர்த்தம்.

ஜெயித்த லெட்டுக்கு நம்ம 'விடு' அச்சு அசலாகப் பொருந்துகிறது. 'லெட் மி கோ' என்றால் என்னைப் போக விடு. 'லெட் இட் பி' என்றால் விட்டுவிடு. தெருவில் தொங்கும் 'டு லெட்' பலகைக்கும் வாடகைக்கு விடப்படும் என்றே பொருள்.

ஓரிடத்தில் மட்டும் உஷாராக இருக்கணும். 'லெட் அஸ் கோ' என்பது 'எங்களைப் போக விடுங்கள்' என்ற கெஞ்சலாகவும் இருக்கலாம், 'நாம் போகலாம்' என்ற அழைப்பாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் அதையே சுருக்கி 'லெட்ஸ் கோ' என்றால் 'நாம் போகலாம்' மட்டும்தான். மொழிபெயர்க்கும்போது, கேட்பவரும் கூட வருகிறாரா என்று முதலில் பாருங்கள். வந்தால் 'நாம்'. இல்லையென்றால் 'எங்களை விடுங்கள்'.