ஒலிவாங்கி இல்லாத மண்டபம்

வியன்னா நகரில் இசைநண்பர் சங்கத்தாரின் பொன்மண்டபம் 1870ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் திறக்கப்பெற்றது. தியோபில் ஹான்சன் என்னும் கட்டடக்கலைஞர் அதனை அமைத்த காலத்தில் மண்டப ஒலியியல் என்றொரு விஞ்ஞானம் உருப்பெற்றிருக்கவில்லை. அமெரிக்க அறிஞர் சபைன் அதற்கு அடிகோலியது கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே. ஆயினும், உலகின் தலைசிறந்த இசைமண்டபங்களுள் ஒன்றென இன்றும் அது போற்றப்படுகிறது.

அம்மண்டபத்தில் ஒரு மாலை, பிராம்ஸ் இயற்றிய நான்காவது சிம்பொனியைக் கேட்கும் பேறு எனக்குக் கிட்டியது. பின்கோடியில் ஏறத்தாழ 300 பேர் நின்று கேட்பதற்கு இடமுண்டு, கட்டணமும் சொற்பம். மாணவர் பலரோடு நானும் அங்கு நின்றேன்.

ஏறத்தாழ 49 மீற்றர் நீளமும் 19 மீற்றர் அகலமும் 18 மீற்றர் உயரமும் கொண்ட, நீண்ட பெட்டி போன்ற மண்டபம் அது. மரத்தளத்தின் கீழே வெற்றிடம். விதானமோ கூரையிலிருந்து தொங்குவது. பக்கச்சுவர்கள் நெருங்கியிருத்தலால் அவற்றில் மோதிய ஒலி கணப்பொழுதில் செவிக்கு மீள்கிறது. அலங்காரமெனத் தோன்றும் பொன்னிறப் பெண்சிலைகளும் மாடங்களும் அவ்வொலியைச் சிதறச்செய்து எங்கும் பரப்புகின்றன. வீணைக்குக் குடம் எப்படியோ, அவ்விசைக்கு அம்மண்டபம் அப்படி.

சிம்பொனியின் இறுதிப் பகுதியில் ஒரு சிறு இசைத்தொடர் முப்பது முறை வேறுவேறு கோலங்கொண்டு வருகிறது. ஒரே அடியைப் பற்றி நிரவல் செய்யக் கேட்டுப் பழகிய செவிக்கு அது முற்றிலும் அந்நியமன்று. இடையே பெருமுழக்கம் அடங்க, ஒற்றைப் புல்லாங்குழல் தயங்கித் தயங்கி எழுகிறது. ஒலிவாங்கி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. மறுகோடியில் நின்ற எனக்கு அக்குழலின் தயக்கமும் தெளிவாகக் கேட்டது. சபையோர் மூச்சை அடக்கியிருந்தனர். அம்மௌனமும் இசையின் ஒரு கூறே.

இதே மண்டபத்தில், இதே சிம்பொனியை, 1897ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், நோயால் மெலிந்திருந்த பிராம்ஸ் கேட்டார். சபை ஆரவாரித்தது; அவர் கண்ணீர் மல்க எழுந்து நின்றார். ஏப்ரல் 3ஆம் நாள் அவர் மறைந்தார்.

எமது கச்சேரிகளிலோ, நூறு பேர் கூடிய சபையிலும் ஒலிபெருக்கி முழங்குகிறது. தம்புராவின் கார்வை அதில் அமிழ்ந்துவிடுகிறது. வீணையின் கமகம் தேய்ந்து அடங்கும் நுட்பத்தைச் செவி தேடிச் செல்லவேண்டியதில்லை. தேடாத செவி நாளடைவில் தேடும் ஆற்றலையே இழக்கின்றது. சபையில் உரையாடல் பெருகுவதும் இதனாலேயே எனலாம்.

நகரந்தோறும் கலாசார மண்டபங்கள் எழுப்ப முனைவோர், ஒலிபெருக்கிக்கு ஒதுக்கும் பொருளில் ஒரு பங்கைச் சுவருக்கும் விதானத்திற்கும் ஒதுக்குவாராக. வீணையை அதன் சொந்தக் குரலிலேயே கேட்டு வளரும் உரிமை எம் மாணாக்கருக்கு உண்டு.