வயிற்றில் குழந்தை, கருப்பை வாயில் கட்டி

கர்ப்பிணிக்கு ரத்தம் பட்டால், "படுத்து ரெஸ்ட் எடும்மா" என்பார்கள். ஸ்கேனில் குழந்தையின் இதயத்துடிப்பு தெரிந்ததும் வீடே நிம்மதியாகிவிடும். ஆனால், ரத்தம் கருப்பை வாயிலிருந்து வருகிறதா என்று யாராவது பார்த்தார்களா? ஸ்பெகுலம் வைத்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். பாப் ஸ்மியரோ, சந்தேகம் வந்தால் துளி சதை எடுக்கும் பயாப்ஸியோ கருவைக் கலைத்துவிடாது. கலைந்துவிடும் என்று பயந்து தள்ளிப்போட்டால், புற்றுநோய் பிரசவம் வரை மறைந்தே வளரும்.

நோய் உறுதியானதும் 'தாயா, சேயா' என்று பதறுகிறோம். அதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. எத்தனையாவது வாரம்? கட்டி எவ்வளவு பெரிது? நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா? புற்றுக்கு முந்தைய மாற்றம் மட்டும் என்றால் பிரசவம் வரை கண்காணித்தாலே போதும். சிறிய கட்டியாக இருந்து, மாதமும் ஏறியிருந்தால் சில வாரங்கள் காத்திருக்க முடியும்.

கட்டி பெரிது, மாதமோ ஐந்து என்றால்? கீமோ கொடுக்கலாம். உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் அது கூடாது. அதற்குப் பிறகு, நஞ்சுக்கொடி மருந்தை முழுதாகத் தடுக்காவிட்டாலும் குழந்தைக்குச் சேரும் அளவைக் குறைக்கிறது. கர்ப்பத்தில் பல வகைப் புற்றுநோய் கண்ட தாய்மார்களின் 129 குழந்தைகளை, பெல்ஜியம் மருத்துவர் ஃபிரடெரிக் அமான் குழு ஆராய்ந்து 2015-ல் முடிவை வெளியிட்டது. பெரும்பாலோர் கருவிலேயே கீமோவைச் சந்தித்தவர்கள். அறிவு வளர்ச்சியிலும் இதயத்திலும் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாகவே இருந்தார்கள். அறிவு வளர்ச்சியைப் பின்னிழுத்தது குறைமாதப் பிறப்புதான். 'சீக்கிரம் எடுத்துவிடலாம்' என்று அவசரப்படுகிறவர்கள் இதை அறிய வேண்டும்.

இடுப்பில் கொடுக்கும் கதிர்வீச்சைக் கரு தாங்காது. ஆரம்ப மாதங்களிலேயே நோய் முற்றியிருந்தால் கர்ப்பத்தை இழக்க நேரலாம். அந்த முடிவை எடுக்க வேண்டியவள் கர்ப்பிணிதான். கணவரும் மாமியாரும் துணை நிற்கட்டும்.

கட்டி இருக்கும்போது சிசேரியனே நல்லது. சுகப்பிரசவத்தில் ரத்தப்போக்கு அபாயம் உண்டு. சுகப்பிரசவத்துக்காகப் பிறப்புறுப்பில் கீறிய இடத்தில் புற்று முளைத்ததும் உண்டு. ஜப்பானில் இரண்டு சிறுவர்களின் நுரையீரலில் இருந்தது அவரவர் தாயின் கருப்பை வாய்ப் புற்று என்று மரபணுச் சோதனையில் தெரிந்தது. பிறக்கும்போது அந்தச் செல்களை உள்ளிழுத்திருக்கலாம் என்று 2021-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். மிக மிக அரிது, ஆனாலும் நடந்தது.

'பிரசவத்துக்குப் பிறகு பார்ப்போம்' என்று அனுப்பப்பட்ட பெண், பால் கொடுப்பதிலும் தூக்கமில்லாத இரவுகளிலும் தன் சோதனையை மறந்துவிடுவாள். ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கிளம்பும்போது, அவளுடைய ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துப் பையில் வையுங்கள்.