எட்டுச் சீட் வானில் ஏழு பேர் இருக்கலாமா?



போன எபிசோட்டின் கடைசியில் "எஸ்யூவியை வித்துப்போட்டு மினிவான் எடுத்திட்டம்" என்று போற போக்கில் சொன்னேன். லாப்டொப் பற்றிக் கதைச்சதைவிட அதுக்குத்தான் கேள்வி கூட வந்தது. நிறையப் பேர் கேட்டது ஒண்டுதான்: அம்மா அப்பாவோட சேர்ந்து இருக்கிறம், எந்த வான் நல்லது?

மொடலுக்கு முதல் எங்கட கதை. வீட்டில் ஏழு பேர்: நான், மனைவி, அம்மா, மாமி, ஒன்பது, ஆறு, மூன்று வயதுகளில் பிள்ளைகள். பழைய எஸ்யூவியிலும் ஏழு சீட் இருந்தது. ஆனால் நடுவரிசையில் சைல்ட் சீட் பூட்டினால் அந்தச் சீட்டை முன்னுக்கு மடிக்கேலாது. பின்னுக்குப் போறவர் இடுக்குக்குள்ளால் ஏறித்தான் போக வேணும். அம்மா இரண்டு தரம் ஏறினார். மூன்றாம் தரம், "நீங்கள் போட்டு வாங்கோ, எனக்கு வீட்டில வேலை இருக்கு" என்றார். பிறந்தநாள், கோயில், நயாகரா, எல்லாத்துக்கும் வேலை இருந்தது. ஆறு மாதம் கழிச்சுத்தான் எனக்கு விளங்கினது: வேலை இல்லை, முழங்கால்.

சேவர் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கிற அதிகபட்ச எண்ணை நம்பி ஒருத்தரும் டிசைன் செய்யிறதில்லை. உண்மையான லோடைப் போட்டுப் பார்ப்பம். சீட் எண்ணிக்கையும் அப்படித்தான்.

நாங்கள் செய்தது வரிசையை மாற்றினதுதான். பெரியாக்கள் நடுவில், பிள்ளைகள் பின்னுக்கு. நடுவில் இரண்டு தனிச் சீட் இருக்கிற ஏழு சீட் வான் என்றால் இடையில் ஒரு வழி இருக்கும், அதுக்குள்ளால் பிள்ளைகள் ஓடிப் போவினம். கதவு சறுக்கித் திறக்கும், தளமும் பதிவு, அதனால் அம்மாவும் மாமியும் நேரே ஏறி இருக்கலாம். ஆனால் ஒரு செக் இருக்கு. முன்னோக்கிப் பூட்டுற சைல்ட் சீட்டுக்கு மேல்பட்டி கட்டாயம் என்பது கனடாச் சட்டம். அந்தப் பட்டியைக் கொழுவுற இடம் பின்வரிசையில் எந்தெந்தச் சீட்டில் இருக்கு என்று பாருங்கோ. மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் கொள்ளுவினமா என்பதைப் பூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது சாமான். எஸ்யூவியில் பின்வரிசையை நிமிர்த்தினால் அதுக்குப் பின்னால் ஒரு வரிசைப் பைதான் நிக்கும். மினிவானில் பின்சீட் மடிஞ்சு போற ஆழமான குழி இருக்கு. சீட் நிமிர்ந்திருக்கும்போது அந்தக் குழி முழுக்க சாமானுக்கு. எஸ்யூவியா வானா என்ற சண்டை எனக்கு அங்கேயே முடிஞ்சுது. (வான் ஓட்டினால் வயசு போன மாதிரி என்கிறவை ஏழு பேரோட மொன்றியல் போய்ப் பார்க்கட்டும்.)

ஒருத்தரும் பார்க்காத எண் ஒண்டு சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்: ஆக்களும் சாமானும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று. எங்கட கணக்கு: பெரியாக்கள் நாலு பேர் 280, பிள்ளைகள் 65, சைல்ட் சீட்டுகள் 15, பயணச் சாமான் 120. மொத்தம் 480 கிலோ. நாங்கள் பார்த்த ஒரு வானில் மிச்சம் 60 கிலோதான் வந்தது. கூரைப் பெட்டி பூட்டினால் அதையும் இதுக்குள்ளேயே கழிக்க வேணும். ஒரே மொடலிலும் ட்ரிம்முக்கு ட்ரிம் இந்த எண் மாறும். அதனால் விளம்பரத்தை விட்டுட்டு ஸ்டிக்கரைப் படியுங்கோ.

மொடல்களைச் சுருக்கமாகச் சொல்றன். ரொயோட்டா சியன்னா 2021இல் இருந்து ஹைபிரிட் மட்டும்தான். ஓல்-வீல் டிரைவும் எடுக்கலாம், ஆனால் நடுச்சீட்டைக் கழற்றேலாது. ஹொண்டா ஒடிசியில் நடுச்சீட் பக்கவாட்டில் நகரும், கழற்றவும் ஏலும். ஆனால் முன்சக்கர டிரைவ் மட்டும். வின்ட்சரில் செய்யிற கிறைஸ்லர் பசிஃபிக்காவில் நடுச்சீட் தரைக்குள்ளேயே மடியும். அதின்ட பிளக்-இன் மொடலில் மடியாது, ஏனென்றால் பற்றரி அந்த இடத்தைப் பிடிச்சிட்டுது. கியா கார்னிவல் 2025இல் இருந்து ஹைபிரிட்டிலும் வருது. ஸ்னோவைப் பொறுத்தவரை, நல்ல வின்டர் டயருக்குப் பிறகுதான் ஓல்-வீல் என்பது என்ட கட்சி.

டீலரிட்ட போகும்போது சைல்ட் சீட்டுகள், ஸ்ட்ரோலர், வீட்டில் வயது கூடினவர், எல்லாத்தையும் எல்லாரையும் கொண்டு போங்கோ. சேல்ஸ்மன் பெருமூச்சு விடுவார், விடட்டும். நாங்கள் மூன்று வானில் எல்லாத்தையும் பூட்டிக் கழற்றினம். மூன்றாவதில் அம்மா தானாக ஏறி இருந்து, பெல்ட்டையும் போட்டுக்கொண்டு, "என்ன, வெளிக்கிடுறியளோ?" என்றார்.

அதைத்தான் எடுத்தம்.